ஞாயிறு மாலை ஐந்தரை: இணையத்தில் குறுந்தொகை படித்த கதை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒலிவாங்கியின் முன் நிற்பது ஒருவர்தான் என்றாலும் இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்றே பேச அனுமதி வேண்டும். 1995 ஆம் ஆண்டு இந்தப் பாடசாலையில் தரம் 10 இல் ஒன்றாக இருந்த ஏழு பேர் சேர்ந்து செய்த வேலையைப் பற்றியே பேசப் போகிறோம். உரையையும் ஏழு பேருமாகத்தான் எழுதினோம். ஒருவர் எழுத, ஒருவர் வெட்ட, ஒருவர் கோபிக்க, வட்ஸ்அப்பில் மூன்று வாரம் போனது. இன்று எங்களில் இருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். ஒருவர் கொழும்பு, ஒருவர் மட்டக்களப்பு. மற்ற மூவரும் இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண். வைத்தியர் உண்டு, கணக்காளர் உண்டு, வங்கி உத்தியோகத்தர் உண்டு. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இங்கே தமிழ் கற்பிக்கும் ஆசிரியைகள் பலர் இருக்கிறீர்கள். பிழை கண்டால் தேநீர் வேளையில் பிடித்துத் திருத்துங்கள்.

எங்கள் தமிழ் ரீச்சரின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவரது கட்டளை. சொல்லாவிட்டாலும் இங்கிருப்போரில் பாதிப் பேருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை அவருடையது. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம் அது. பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சான காலம். ஜாம் போத்தல் விளக்கில் வீட்டுவேலை செய்து, அடுத்த நாள் மூக்குக்குள் கரியோடு வந்து உட்கார்ந்திருப்போம். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை இரண்டு தரம் சொல்லுவார். மூன்றாம் தரம் கரும்பலகையில் எழுதுவார். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் நாங்கள் பார்த்து எழுதுவோம். "இது சோதினைக்கு வராது, ஆனபடியால் பயப்பிடாமல் கேளுங்கோ" என்பது அவருடைய வழமையான முன்னுரை. பிறகு இரண்டே கேள்வி. "ஆர் சொல்லுறது? ஆருக்குச் சொல்லுறது?" தலைவி சொல்வதா, தோழி சொல்வதா, தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்வதா என்று கண்டுபிடித்த பிறகுதான் பொருளுக்குள் போக விடுவார்.

குறுந்தொகை, கடவுள் வாழ்த்து நீங்கலாக, 401 பாடல்கள். ரீச்சருடைய திட்டம் அதில் ஈழத்துப் பூதன்தேவனார் பாடிய மூன்றையுமாவது நாங்கள் பாடசாலையை விட்டுப் போவதற்குள் சொல்லித் தந்துவிடுவது. அந்தப் புலவர் பாடியவையாகச் சங்கத் தொகைகளில் ஏழு பாடல்கள் இருக்கின்றன. குறுந்தொகையில் 189, 343, 360. அகநானூற்றில் 88, 231, 307. நற்றிணையில் 366. பெயரின் முன்னால் உள்ள 'ஈழத்து' என்ற ஒரு சொல்லை வைத்தே அவர் நம்மூர்க்காரர் என்று அறிகிறோம். அந்த மூன்றில் ஒன்றைக்கூட ரீச்சர் தொடங்கவில்லை. 1995 ஐப்பசி வந்துவிட்டது.

ஐப்பசி 30 ஆம் திகதி திங்கட்கிழமை. மழையில் நாவற்குழிப் பாலம் கடந்த இரவைப் பற்றி இங்கே விளக்கத் தேவையில்லை. நாங்கள் சொல்ல வந்தது கொப்பிகளைப் பற்றி. ஏழு பேரில் ஒருத்தியும் தமிழ்க் குறிப்புக் கொப்பியை எடுத்துக்கொண்டு போகவில்லை. இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லா வீட்டிலும் பேச்சு. அடுத்த ஆண்டு சித்திரையில் சிலர் திரும்பினோம், சிலர் வன்னிக்குப் போனார்கள். திரும்பியவர்களின் வீடுகளில் கொப்பியும் இல்லை, கொப்பி வைத்த மேசையும் இல்லை.

அதன் பிறகு சாதாரண தரம், அதன் பிறகு உயர்தரம். எங்களில் நான்கு பேர் உயிரியல் பிரிவு. உயிரியலுக்கோ கணிதத்துக்கோ போகும் பிள்ளைக்குத் தமிழ் இலக்கியம் பதினாறு வயதோடு முடிந்துவிடுகிறது. இதை ஒருவரும் தவறென்று நினைப்பதில்லை, பெற்றாரும் நினைப்பதில்லை, பிள்ளையும் நினைப்பதில்லை. நாங்களும் நினைக்கவில்லை. மருத்துவபீடத்தில் தாதுப்பொருளின் பெயர் முதல் நரம்பின் பெயர் வரை ஆங்கிலத்தில் மனனம் செய்துகொண்டிருந்தபோது குறுந்தொகையின் நினைவு ஒருநாளும் வரவில்லை. வந்தது என்று சொன்னால் மேடைக்காகச் சொல்லும் பொய்.

2020 பங்குனி 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். வைத்தியர்களுக்கு வெளியே போக அனுமதி இருந்தது. எங்களில் ஒருத்தி கடமை முடிந்து வரும் வழியில் ரீச்சருக்கு இரத்த அழுத்தக் குளிசை கொண்டுபோய்க் கொடுத்தாள். ரீச்சருக்கு அப்போது எண்பது வயது, தனியாக இருக்கிறார். படலையில் நின்றவளை முகத்தில் அடையாளம் காணவில்லை, குரலில் கண்டுகொண்டார். கண்ணின் மஞ்சட்புள்ளி தேய்ந்துபோயிருந்தது. இந்த நோய் வந்தவருக்கு நேரே பார்ப்பது தெரியாது, ஓரங்கள் தெரியும். எதிரில் நிற்பவரின் முகம் மறைந்து, அவருக்குப் பக்கத்தில் உள்ள வேலி தெரியும். எழுத்து வாசிக்க முடியாது. நாற்பது ஆண்டு வாசித்த மனிசி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ரீச்சர், என்ன செய்யிறியள்?"

"மனப்பாடமாக் கிடக்கிறதைச் சொல்லிப் பாக்கிறன். இடையில இடையில அறுந்து போகுது. பாத்துச் சொல்லவும் ஆளில்லை."

அவ்வளவுதான். அன்றிரவு அந்தச் செய்தியை மற்ற ஆறு பேருக்கும் அனுப்பினோம். சித்திரை 5 ஆம் திகதி ஞாயிறு மாலை ஐந்தரைக்கு முதல் வகுப்பு. இலண்டனில் மதியம் ஒன்று, ரொறன்ரோவில் காலை எட்டு, மெல்பேணில் இரவு பத்து. ரீச்சருக்குக் கணினியும் சூமும் ஒன்றுதான், இரண்டும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கைபேசியில் அழைப்பை எடுத்து, ஒலியைக் கூட்டி, மதிலுக்கு அப்பால் இருந்து கொடுத்துவிட்டுப் போகும். படத்தில் எங்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ரீச்சர் வீட்டு முகடு.

கிழமைக்கு இரண்டு பாட்டு. நாங்கள் வாசிக்க வேண்டும், ரீச்சர் கேட்பார். மூலபாடம் யாரிடமும் இல்லை, கடைகளும் பூட்டு. இணையத்தில் தேடினோம். மதுரைத் திட்டம் என்று ஒன்று இருப்பது அன்றுவரை எங்களில் ஐந்து பேருக்குத் தெரியாது. 1998 பொங்கலன்று, நாங்கள் உயர்தரத்துக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த நாட்களில், உலகத்தின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். குறுந்தொகை முழுவதும் அங்கே இருந்தது. உரையோடு பார்க்க வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் இருந்தது. 2001 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியது அது. முதல் ஞாயிறு பத்து நிமிடத்தில் பாடம் கையில். ஒரு கொப்பிக்காக இருபத்தைந்து ஆண்டு ஏங்கியவர்கள் போல எங்களைக் காட்டிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எங்களுக்கு வந்தது வெட்கம். இவ்வளவு காலமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பாடம் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. ஒரு தளத்தில் சொல் பிரித்திருக்கிறார்கள், இன்னொன்றில் சேர்த்தே இருக்கிறது. ஒன்றில் ஓரடி இரண்டாக உடைந்திருக்கிறது. யார் பதிப்பைப் பார்த்துத் தட்டெழுதியது என்று சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் இருக்காது. குறுந்தொகையை முதலில் 1915 இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் அச்சிட்டார். 1937 இல் உ. வே. சாமிநாதையர் தமது உரையோடு பதிப்பித்தார். ஐயருடைய பதிப்பையே அளவுகோலாக வைத்துக்கொள்வது என்று ரீச்சர் தீர்த்துவிட்டார். "அந்த மனிசன் சொல்லாத இடத்தில மட்டும் உங்கட மூளையைப் பாவியுங்கோ."

இனி அகராதி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கைமாருக்கு உடனே பயன்படக்கூடியது இதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதைச் சிக்காகோ பல்கலைக்கழகம் இணையத்தில் தேடக்கூடியதாக வைத்திருக்கிறது. அந்த வேலைக்கு முன்னோடியாக நின்ற வின்ஸ்லோவின் அகராதி 1862 இல் சென்னையில் அச்சானாலும், அதற்கான சொல்சேகரிப்பு யாழ்ப்பாணத்திலே தொடங்கியது என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்து, கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஆனால் முதல் மாதம் அந்த அகராதி எங்களுக்குத் திறக்கவே இல்லை. பாட்டில் இருக்கும் சொல்லை அப்படியே பிரதிபண்ணித் தேடல் பெட்டிக்குள் போடுவோம். ஒன்றும் வராது. கணக்காளத் தோழி, "இது பழுது" என்று முடிவே கட்டிவிட்டாள்.

பழுது அகராதியில் இல்லை. பேரகராதி வேர்ச்சொல்லைக் கேட்கிறது. நாங்கள் கொடுத்தது விகுதியும் இடைநிலையும் சந்தியும் ஒட்டிக்கொண்டிருக்கும் முழுச்சொல்லை. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று தரம் 10 இல் பாடமாக்கினோமே, பகுபத உறுப்புகள் ஆறு, பரீட்சை எழுதியவுடன் மறந்தோமே, அது இல்லாமல் அந்தப் பெட்டிக்குள் போக வழியில்லை. நாற்பது வயதில் நன்னூல் சூத்திரத்தைத் தூசு தட்டினோம். இலக்கணம் எதற்கு என்று கேட்கும் தங்கைமாருக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை: பெரிய தமிழ் அகராதி ஒன்று உங்கள் கைபேசிக்குள் இருக்கிறது, அதற்குச் சொல் பிரிக்கத் தெரிந்த விரல் வேண்டும்.

நூலகம் இணையத்தளத்தையும் விட்டுவிட முடியாது. 2005 இல் தொடங்கியது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் என்று ஆயிரக்கணக்கில் வருடி ஏற்றியிருக்கிறார்கள். 1981 வைகாசியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்தச் சாம்பலை நேரில் பார்த்தவர் ரீச்சர். ஒரு பிரதியை ஓரிடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் நூலகத்தில் வேறெதையோ தேடும்போது எழுபதுகளில் வெளியான சஞ்சிகை ஒன்றில் ரீச்சர் எழுதிய கட்டுரையே அகப்பட்டது. அவரிடமே பிரதி இல்லை. ஞாயிறு வகுப்பில் ஆசையோடு வாசித்துக் காட்டினோம். முடியும்வரை பேசாமல் கேட்டிருந்துவிட்டு, "இரண்டாம் பந்தி பிழை, அப்ப எனக்கு விளங்கேல்லை" என்றார்.

189 ஆம் பாட்டுக்கு வரும்போது 2022 பங்குனி. அந்த மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனதை மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் போனால் சிறிது நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் படுத்துவிடும். அந்த ஞாயிறு யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருவரும் ரீச்சர் வீட்டுக்கே போய்விட்டோம், மூவருக்கும் ஒரு கைபேசி, ஒரு மெழுகுதிரி. ரொறன்ரோத் தோழியின் முறை.

பாட்டின் பொருளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அரசனின் வேலையாகப் புறப்படும் தலைவன் தன் தேர்ப்பாகனிடம் பேசுகிறான். போவது இன்றைக்கு, திரும்புவது நாளைக்கு. மலையிலிருந்து இறங்கும் அருவி போல வெள்ளைத் தேர் விரைய வேண்டும். பிறை போன்ற அதன் சில்லு, வானத்திலிருந்து விழும் எரிகொள்ளி போலப் பச்சைப் பயிரின் மேல் ஓட வேண்டும். மாலைக்குள் போய் அவளைச் சேர்ந்து மகிழ வேண்டும்.

சில்லு என்பதற்குப் பாட்டில் உள்ள சொல் நேமி. அகராதி வட்டம், சக்கரம், பூமி, கடல் என்று வரிசையாகத் தந்தது. தேர் நிற்பதால் சக்கரத்தை எடுத்துக்கொண்டோம். அடுத்த சொல்தான் எங்களை விழுத்தியது. பயிரை என்ன செய்கிறது அந்தச் சில்லு? 'துமி' என்ற வேர். நமக்குத் துமி என்றால் மழைத்துமி. ஆகவே சேற்று வயலில் ஓடும் சில்லு பயிரின் மேல் நீரைத் தெளித்துக்கொண்டு போகிறது என்று மட்டக்களப்புத் தோழி அழகாக விளக்கினாள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ரீச்சர், "வடிவாய்த்தான் இருக்கு. அகராதியை ஒருக்கால் பாருங்கோ" என்றார். பார்த்தோம். துமித்தல், வெட்டுதல். சில்லு பயிரை வெட்டிக்கொண்டு போகிறது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அடுத்தவன் வயலை அறுத்துக்கொண்டு போகிறான் அந்த மனிதன். நீர் தெளிக்கும் சில்லில் அந்த அவசரம் இல்லை. ஒரு சொல்லை நம் ஊர்ப் பொருளில் எடுத்ததால் பாட்டின் முழு வேகமும் எங்களுக்குத் தப்பியிருக்கும்.

இந்த இடத்தில் ரொறன்ரோத் தோழி ஒளிப்படக் கருவியை நிறுத்திவிட்டாள். இணைப்புத்தான் அறுந்தது என்று நினைத்தோம். சிறிது நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"நாங்கள் வெளிக்கிடேக்குள்ள நாய்க்கு மூண்டு நாள் சோறு வைச்சிட்டு வந்தனாங்கள்."

அவள் அந்த வீட்டை மறுபடி பார்க்கவில்லை. வன்னி, பிறகு கொழும்பு, பிறகு கனடா. இருபத்தேழு ஆண்டில் எங்களிடமும் அந்த நாயைப் பற்றிச் சொன்னதில்லை. யாருக்கும் பேச வரவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் ரீச்சர்தான் பாட்டுக்குத் திரும்பினார். "ஆர் சொல்லுறது? தலைவன். ஆருக்கு? பாகனுக்கு. நாளைக்குத் திரும்பிறது எண்டு அவன் சொன்னதுதான் பாட்டில கிடக்கு, பிள்ளையள். திரும்பினானோ எண்டு புலவர் சொல்லேல்லை." பிறகு கோபுரம் படுத்துவிட்டது. அடுத்த கிழமை அந்த ஒரு பாட்டையே மறுபடி எடுத்தோம், அவள்தான் வாசித்தாள்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விடலாமா என்று நாங்கள் இரண்டு நாள் வாதாடினோம். சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு.

343 ஆம் பாட்டு. 2023 இன் கடைசி மாதங்கள். அன்று ஆயத்தம் செய்ய வேண்டியது எங்களில் வைத்தியராக இருப்பவள், அதாவது இப்போது உங்கள் முன் நிற்பவள். முதல்நாள் இரவுக் கடமை, தூக்கம் இல்லை. ஐந்து மணிக்கு எழும்பி, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம், ஈழத்துப் பூதன்தேவனாரின் குறுந்தொகை 343 ஐயும் அதன் உரையையும் தரும்படி கேட்டாள். அரை நிமிடத்தில் தந்தது. எட்டடி. கடல், சங்கு, கரையில் காத்திருக்கும் பெண். கீழே நெய்தல் திணை என்று குறிப்பு, அதற்குக் கீழே உரை, அதற்கும் கீழே ஈழத்துக் கடற்கரையைப் புலவர் நினைந்து பாடினார் என்று ஒரு நயம்கூட. அத்தனையையும் சூமில் வாசித்தோம். ஈழத்துப் புலவர், கடல், சங்கு. எங்களுக்கு அது எவ்வளவு இயல்பாக இருந்தது தெரியுமா? இலண்டன் தோழி "ஆ" என்றாள்.

ரீச்சர் பேசவில்லை. பிறகு, "பிள்ளை, இன்னொருக்கால் முதலடியைச் சொல்லும்" என்றார். சொன்னோம். "இதை எங்கயிருந்து எடுத்தனீர்? அகவல் ஓசை இதில இல்லையே. காதுக்குள்ள கல்லாக் கிடக்கு."

அந்த நேரத்தில் வகுப்பில் இன்னொருவரும் இருந்தார். அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து இந்தப் பாடசாலையின் தரம் 11 மாணவி ஒருவர் எங்களோடு சேர்ந்திருந்தார். அம்மாவின் கைபேசியில் வருவார், பெரும்பாலும் பேசமாட்டார். ரீச்சர் சொல்லி முடிக்க முன் அந்தப் பிள்ளையின் குரல். "அன்ரி, மதுரைத் திட்டத்தில 343 வேற பாட்டாக் கிடக்கு." வாசிக்கச் சொன்னோம். வாசித்தது. யானையின் முகத்தில் பாய்ந்த ஆண்புலி, தந்தம் குத்தி விழுந்து, கோடைக்காற்று முறித்த வேங்கைமரத்தின் வாடிய பூங்கிளை போலக் கிடக்கும் மலைநாடு. அந்த நாட்டுக்காரனோடு புறப்பட்டுப் போவதை நினைத்துப் பார் என்று தோழி தலைவிக்குச் சொல்கிறாள். கடலும் இல்லை, சங்கும் இல்லை. குறிஞ்சி மலை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ரீச்சர் முன்னால் போய்விட்டார், கடைசி இரண்டடியையும் பிள்ளைக்கு முன் அவரே சொல்லி முடித்தார்.

கடல் பாட்டை யார் பாடியது? ஒருவரும் பாடவில்லை. செயலி புனைந்து தந்தது. அது தெரிந்து பொய் சொன்னது என்று நாங்கள் நினைக்கவில்லை. அடுத்து வரக்கூடிய சொல் எதுவென்று கணித்துக் கணித்துத் தொடுப்பதே அதன் வேலை. ஈழம் என்றால் கடல் வரும், கடல் என்றால் சங்கு வரும். தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று நிற்காமல் ஒரேமாதிரித் தொடுத்துக்கொண்டு போகும். எங்களைச் சுட்டது அதுவல்ல. ஒவ்வொரு நாளும் சிகிச்சைக்கு வருபவர்கள் இணையத்தில் பார்த்த நோயோடு வருகிறார்கள். "அதை ஆர் எழுதினது, உங்கட இரத்தத்தைப் பாத்தே எழுதினது?" என்று நாங்கள் அவர்களைப் பேசுவதுண்டு, சில நாள் கடுமையாகவே பேசுவதுண்டு. யாரோ ஒருவரின் அறிக்கை என்றால் முதலில் பெயரையும் திகதியையும் பார்க்கப் பழகிய கண், பாட்டு எண்ணைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் செலவழிக்கவில்லை. மூன்றரை ஆண்டாக ஞாயிறுதோறும் "ஆர் சொல்லுறது" என்று கேட்கப்பட்ட பிறகும்.

ரீச்சர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து இரண்டு விதி வைத்தார். ஒன்று, வகுப்புக்குக் கொண்டுவரும் பாட்டை முதல்நாளே பார்த்துக் கையால் எழுத வேண்டும். இரண்டு, எழுதியதற்குக் கீழே எந்தப் பதிப்பு, எந்தத் தளம், எத்தனையாம் எண் என்று போட வேண்டும். கையெழுத்து எதற்கு என்று இலண்டனில் இருந்து எதிர்ப்பு வந்தது. இப்போது அவளே சொல்கிறாள், பிரதிபண்ணி ஒட்டும்போது கண்ணில் படாத சந்தியெல்லாம் எழுதும்போது பேனையைத் தடுக்கிறது என்று. எங்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. நாங்கள் முதல் ஆண்டில் மிகவும் நம்பிய ஒரு தளம் ஒருநாள் காலை திறக்கவில்லை, இன்றுவரை திறக்கவில்லை. அதிலிருந்து எழுதி வைத்த பாட்டுகள் கொப்பியில் இருக்கின்றன.

அந்தச் செயலிகளைத் தொடுவதில்லை என்று நாங்கள் சபதம் எடுக்கவில்லை. நீண்ட உரையொன்றை எளிய தமிழில் சுருக்கித் தரச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. எங்கே பிழைவிட்டது என்று கண்டுபிடிப்பது அந்த மாணவிக்கு இப்போது ஒரு விளையாட்டு. கைபேசி தானே வாசித்துக் காட்டும் வசதியை ரீச்சருக்குப் போட்டுக் கொடுத்தோம். சங்கப் பாட்டை அது வீதி அறிவித்தல் போல வாசிக்கிறது என்று இரண்டாம் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டார். பத்திரிகை கேட்க மட்டும் வைத்திருக்கிறார்.

குறுந்தொகை 401 ஐயும் சென்ற ஆண்டு முடித்தோம். தொடங்கியபோது கொப்பி வாங்கவும் கடை திறந்திருக்கவில்லை. இப்போது ஏழு பேரிடமும் ஏழு கையெழுத்துக் குறுந்தொகை இருக்கிறது, ஏழும் வேறு வேறு பிழைகளோடு. அந்த மாணவி இன்று உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறார். பின்வரிசையில்தான் இருக்கிறார், கையைக் காட்டச் சொன்னால் எங்களோடு கதைக்கமாட்டார். அவர் ஞாயிறுக்கு வர நேரம் இருக்கிறதா என்று அவரது தாயார் எங்களைக் கேட்டார். கிழமைக்கு முக்கால் மணித்தியாலம், அதற்குமேல் ரீச்சரே விடமாட்டார் என்று சொன்னோம். பிரத்தியேக வகுப்பு அட்டவணைகளுக்குள் முக்கால் மணித்தியாலம் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதிபர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்: விஞ்ஞான, கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒரு பாடவேளை, பரீட்சைக்கு வராத பாட்டுக்கென்று, அட்டவணையில் விட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். கணினி அறையின் இணைய இணைப்புக்கான ஓராண்டுச் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. அதைச் சங்கச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

இப்போது பூதன்தேவனாரின் மற்ற நான்கு பாட்டுகளையும் எடுத்திருக்கிறோம். அகநானூற்றுப் பாட்டுகள் நீளமானவை, பயமாகத்தான் இருக்கிறது. வரும் ஞாயிறு நற்றிணை 366. மாலை ஐந்தரை. இணைப்பு விபரம் மண்டப வாசலில் ஒட்டியிருக்கிறது. வர விரும்பும் தங்கைமார் பாட்டைக் கையால் எழுதி, கீழே எங்கிருந்து எடுத்தது என்று போட்டுக்கொண்டு வாருங்கள். ரீச்சருக்கு எழுத்துத் தெரியாது என்று நினைத்து எழுதாமல் வர வேண்டாம். எழுதியவள் வாசிப்பதும் எழுதாதவள் வாசிப்பதும் அவருக்குக் கேட்கும்.

ரீச்சர், இவ்வளவு நேரமும் இந்தக் கைபேசியைக் கீழே வைக்காமல்தான் பேசியிருக்கிறோம். கேட்டதென்று நம்புகிறோம். பிழைகளை ஞாயிறன்று சொல்லுங்கோ.